பதில் கம்பி

பதில் கம்பியை அவன் இன்னும் பற்றவைக்கவே இல்லை. அதற்குள் திரையில் பொம்மை நடக்க ஆரம்பித்துவிட்டது.

பழைய வீடியோ கேம் மெஷின்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவனுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. கன்ட்ரோலரிலிருந்து மெஷினுக்கு ஐந்து கம்பி போகும். இரண்டு மின்சாரத்துக்கு. இரண்டு, எந்தப் பட்டன் அமுங்கியிருக்கிறது என்று மெஷின் கேட்பதற்கு. ஐந்தாவதில்தான் பதில் வரும். அது அந்தரத்தில் தொங்கினால் காற்றில் வருவதையெல்லாம் மெஷின் பதில் என்று எடுத்துக்கொள்ளும். டியூப்லைட் மினுங்கினால்கூடப் பொம்மை துள்ளும். கடைத்தெருவே ‘ஜாய்ஸ்டிக்’ என்று கூப்பிடுகிற ஆள் இதற்கெல்லாம் மிரண்டால் பிழைப்பு நாறிவிடாதா? அவன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கம்பியின் தோலைச் சீவினான்.

கன்ட்ரோலர் மகளுடையது. ஆள் துக்கிணியூண்டு, கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள். அதனால் வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். கன்ட்ரோலரின் இடது மூலையில் அவள் பல் பதிந்த தடம் இன்னும் இருந்தது. விளையாட்டில் பயம் வந்துவிட்டால் அந்த மூலையைக் கடித்துக்கொண்டு எட்டுப் பட்டனையும் ஒரேயடியாக அழுத்துவாள். அவன் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து, தன் பொம்மையை அவள் பொம்மைக்கு முன்னால் நிறுத்துவான்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அவள் இந்தக் கன்ட்ரோலரை விடவில்லை. வயர் எந்த மெஷினோடும் சேராமல் கட்டிலுக்குக் கீழே தொங்கும்; அவள் பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருப்பாள்.

“எங்கடா இருக்க இப்ப?” என்று கேட்பான்.

“பாலத்துல. இருட்டா இருக்குப்பா. நீ வா.”

“இதோ வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தான். போகத்தான் வழி தெரியவில்லை.

அவள் போன கொஞ்ச நாளில் அவளுடைய மெஷினும் உள்ளே கருகிச் செத்தது. மனைவி பேச்சையே குறைத்துக்கொண்டாள். நேற்றுதான், தட்டைக் கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: “அவ விரல் பட்ட பட்டன்ல ஒரு தடவை கை வெச்சு ஆடணும்போல இருக்குங்க.”

அவனுக்கு அது போதும். அலமாரியில் வேறு கம்பெனியின் பழைய மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. கன்ட்ரோலருக்குள் இருக்கிற சிப் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான், பிளக்தான் வேறு. நிதானமாக வேலை செய்கிறவர்கள் பழைய பிளக்கை வெட்டமாட்டார்கள். நடுவில் சேர்க்கத் தனியாக ஒரு வயர் செய்வார்கள். ஊரார் சாமானுக்கு அவனும் அப்படித்தான் செய்வான். இன்று மனைவி வேலை முடிந்து வருவதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் தன் மகளின் வயரை நறுக்கென்று வெட்டிவிட்டான்.

ஜன்னல் தகரத்தில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, உருகிய ஈயமும் பிசினும் சேர்ந்த அந்தப் பழகிய புகை மூக்கில் ஏற, பிரித்துப்போட்ட மெஷின்களின் நிழல்கள் சுவரோரம் ஒன்றோடொன்று கலந்து மங்கிக்கொண்டு வர, அவன் ஐந்தாவது கம்பியைப் பொருத்தி ஒரு சொட்டு ஈயம் வைத்தான். பொம்மை நின்றது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

பொம்மை இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தது. பிறகு குதித்தது.

எந்தக் கேமிலும் அப்படி உட்கார்ந்து எழத் தேவையே இல்லை. குதிப்பதற்கு முன் சுண்டெலி மட்டும் செய்கிற சேட்டை அது. அவன் மெல்லத் திரும்பிக் கன்ட்ரோலரைப் பார்த்தான். மேஜைமேல் தனியாகக் கிடந்தது. வலப்பக்க அம்புப் பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது.

அவளுடைய கேமில் பாதை எப்போதும் வலப்பக்கம் போகும். இந்தக் கேமில் இடப்பக்கம்தான் பாதை, வலப்பக்கம் வெறும் பள்ளம். பொம்மை ஓடியது. விழுந்தது. மறுபடி முளைத்து, உட்கார்ந்து எழுந்து, குதித்து, விழுந்தது. ஒவ்வொரு முறையும் மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. தெரிந்த இடத்திலிருந்து அவளை அறுத்துக்கொண்டு வந்து தெரியாத இடத்தில் விட்டிருக்கிறான்.

எழுந்து ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஆனால் பெற்ற பெண் விழுந்து விழுந்து எழுவதைப் பார்த்துக்கொண்டு எந்த அப்பன் போவான்? அவன் இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தான்.

“அங்க இல்லடா. இந்தப் பக்கம். அப்பா பின்னாடியே வா.”

அவன் பொம்மை பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. அவள் பொம்மை தயங்கியது. வலப்பக்க அம்பு மேலே வந்தது. இடப்பக்க அம்பு அமுங்கியது. அவன் கண்ணில் நீர் முட்ட, முன்னால் நடந்தான். அவள் பின்னாலேயே வந்தாள்.

கதவு திறந்தது. மனைவி நனைந்த குடையோடு நின்றாள். திரையைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். யார் ஆடுவது என்று கேட்கவில்லை.

“உட்கார்ந்து எழுந்தாளா?” என்றாள்.

அவன் தலையசைத்தான். “பாலம் வந்துடுச்சு. பயப்படுவா.”

“எங்கிட்ட குடுங்க.”

“வயர் இன்னும் சரியா ஒட்டல, இழுக்காத...”

அதற்குள் வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாகக் காலியாக இருந்த கை. பொறுக்குமா?

பட்டென்று ஒரு சத்தம். ஐந்து கம்பியும் கையோடு வந்துவிட்டன.

பாலத்தின் நடுவில் இரண்டு பொம்மைகளும் நின்றன. அவன் பாய்ந்து கம்பிகளைப் பிடித்தான். பற்றவைக்கும் இரும்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. விரலைச் சுட்டுக்கொண்டான். ஒன்று. இரண்டு. ஐந்தும் ஒட்டியாயிற்று. பதில் கம்பியும்.

பதில் இல்லை.

சுண்டெலியின் பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது.

“எங்கடி இருக்க?” மனைவி குனிந்து கன்ட்ரோலரிடம் கேட்டாள். “தங்கம், எங்க இருக்கன்னு சொல்லு.”

மழை. மெஷினின் ரீங்காரம்.

பிறகு, மனைவியின் கைக்குள், டக்.

எட்டுப் பட்டனும். ஒரேயடியாக. அமுங்கின. விட்டன. அமுங்கின. திரையில் எதுவும் அசையவில்லை.

“இதோ வந்துட்டேன்” என்றான் அவன்.

பட்டன்கள் அமுங்கின. எழவில்லை. இடது மூலையில், பழைய தடத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மெல்ல உள்ளே போனது. ஒரு பல். பக்கத்தில் இன்னொரு பல். எச்சிலின் ஈரம் மனைவியின் மணிக்கட்டில் இறங்கி வழிந்துகொண்டிருந்தது.