மோரில் விழுந்த வெள்ளைப் பொடி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கையில் என்ன, காபியா? சர்க்கரை போட்டதா? சரி, சரி... கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு கொலைக் கதை சொல்லப்போகிறேன். கத்தி கிடையாது. துப்பாக்கி கிடையாது. பிணம்கூட எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும்!

1996. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷன்.

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

இன்ஸ்பெக்டர் அப்துல் முத்தலிப் மீசையில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"ஏனுங்க, போலீசுங்களா? என்னையக் கொன்னுட்டிருக்காங்க!"

"யாருங்க பேசறது?"

"அரங்கசாமிங்க. மோட்டார் பம்ப் பட்டறை வெச்சிருக்கேன்."

"எங்கிருந்து பேசறீங்க?"

மறுமுனையில் காகிதங்கள் புரளும் சத்தம்.

"ஊட்டுல இருந்துதானுங்க... ஊடு எந்தத் தெருவுன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது!"

முத்தலிப்புக்கு அந்த வீடு தெரியும். எப்படி என்று இப்போது கேட்காதீர்கள்.

பத்து நிமிடத்தில் ஜீப் வாசலில் நின்றது.

அரங்கசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சுவரில் பெருமாள் படம். அதற்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு... ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்!

"பதினாலு வருசமா சுகருங்க. ஆனா ஒரு மாசம்கூட ஃபெயில் ஆனதில்ல, பாத்துக்கங்க! அப்படிப்பட்டவனுக்கு மூளை எப்படிங்க மங்கும்? போன வாரம் பட்டறைக்குப் போற வழியில, திருச்சி ரோட்டுல நின்னு முழிச்சேன். முப்பது வருசமாப் போற வழிங்க! நேத்து ஒரு பம்ப்பைப் பிரிச்சுபோட்டு..."

விரல்களை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார்.

"...திரும்ப மாட்டத் தெரியலீங்க. கண்ணை மூடிட்டு மாட்டினவனுங்க நானு."

"யார் மேல சந்தேகம்?"

அரங்கசாமி சமையலறையைக் காட்டினார்.

"எங்கூட்டுக்காரிதான்! மோர்ல வெள்ளைப் பொடி கலக்கறா. சன்னல் வழியாப் பாத்துபோட்டேன்!"

முத்தலிப் பாய்ந்தார். அடுப்படியில் ரங்கம்மாள். கையில் மோர்த் தம்ளர். இடுப்பில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால்... வெள்ளைப் பொடி!

"என்னம்மா இது?"

"சொன்னா அவரு குடிக்கமாட்டாருங்க..."

"கேட்டீங்களா! வாயாலயே ஒத்துக்கறா!" அரங்கசாமி குதித்தார். "புடிச்சு உள்ள போடுங்க!"

முப்பத்து மூன்று வருடம் அவருக்குச் சோறு போட்ட கை கண்ணுகளா, அது பொட்டலத்தை வாங்கி மறுபடி மடித்தது.

"எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. மொதல்ல டாக்டர் ஜன்னத்கிட்டப் போகலாமுங்க" என்றாள்.

ஜன்னத்தான் அரங்கசாமிக்குச் சர்க்கரை வைத்தியம் பார்க்கிற டாக்டர். மூன்று பேரும் ஜீப்பில் அங்கே போனார்கள். அவர் மேசையில் பொட்டலத்தை வைத்தாள் ரங்கம்மாள்.

"நீங்க எழுதிக்குடுத்த மாத்திரைதானுங்க. சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு. இவரு ரோசாச் செடித் தொட்டியில போட்டுட்டு முழுங்கிட்டேங்கறாரு. ரிப்போர்ட்டுதான் பாஸ் ஆயிருச்சே, மாத்திரை எதுக்குங்கறாரு. பொறுக்கியெடுத்துப் பொடி பண்ணினேன்."

ஆக, அந்த வீட்டில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது ரோஜாச் செடிக்கு மட்டும்தான்!

"பொடி பண்ணித் தெரியாமக் கலக்கறது தப்புங்கம்மா" என்றார் ஜன்னத் கடுமையாக. "ஒரு நாள் சுகர் எறங்கி மயங்கி விழுந்திருப்பாரு. எங்கிட்டச் சொல்லியிருக்கோணும்."

"அப்ப என்னையக் கொல்றது யாருங்க?"

"ரத்தத்தையே கேப்போம். புதுசா ஒரு டெஸ்ட் வந்திருக்கு. மூணு மாசத்து வண்டவாளத்தையும் சொல்லிப்போடும்."

இரண்டு நாள் கழித்து நான்கு பேரும் மறுபடி அதே அறையில். டாக்டர் கவரைப் பிரித்தார்.

"ஏழுக்குள்ள இருக்கோணும். உங்களுக்குப் பதினொண்ணரை! ஏனுங்க, மாசா மாசம் டெஸ்டுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவீங்க?"

"மூணு நாளைக்கு ராகிக் களியும் பாவக்காயுந்தானுங்க. பரீச்சைன்னாப் படிச்சுட்டுத்தானுங்களே போகோணும்!"

"மத்த இருபத்தேழு நாளு?"

அரங்கசாமி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"உங்க தொழில்லயே சொல்றேன். தோப்புக்குச் சொட்டுநீர் போடறீங்க. போர்த் தண்ணி உப்பு. சின்னக் குழாயெல்லாம் உப்படைச்சா என்னாகும்?"

"பம்ப் ஓடும். கடைசி மரத்துக்குத் தண்ணி போகாது. காஞ்சுபோகும்."

"மூளைக்குள்ள ஓடறதும் முடியை விடச் சன்னமான ரத்தக்குழாய்ங்க. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து அதைக் கெடுத்து அடைக்குது. காஞ்ச மரம் காஞ்சதுதான். மிச்சத் தோப்பைக் காப்பாத்தலாம். சர்க்கரை, பிரஷர் ரெண்டையும் கட்டுல வெச்சு, நெசமாவே நடந்தீங்கன்னா. இல்லீன்னா இன்னும் ரெண்டு மூணு வருசத்துல இந்தம்மாவைப் பாத்து, 'நீங்க யாருங்க?'ம்பீங்க."

அரங்கசாமி நாற்காலி நுனிக்கு வந்தார்.

"நடக்காமயா? தினமும் காலையில குளத்துக்கு வாக்கிங் போறனுங்களே!"

முத்தலிப் மேசையைத் தட்டினார்.

"பொய்! குளத்துக்கு முன்னாடியே ஒரு பேக்கரி! மூணாவது மேசை! ரெண்டு தேங்காய் பன், ஒரு ஜிலேபி, சக்கரை தூக்கலா டீ! வாரத்துல ஆறு நாளு!"

கொலைகாரன் தலைகுனிந்தான். கொலையுண்டவனும் அவனேதான்!

"பிரமாதம் சார்!" என்றார் ஜன்னத்.

"போலீஸ் கண்ணுங்க..."

ரங்கம்மாள் நிமிர்ந்தாள்.

"ஏனுங்க... வாரத்துல ஆறு நாளும் போலீசுக்கு அங்க என்ன வேலைங்க?"

இன்ஸ்பெக்டரின் மீசையில், இன்றைக்கும், ஒரு துண்டு தேங்காய்ப் பூ...

"நான்... நாலாவது மேசைங்க. திரும்பறப்ப உங்க ஊட்டு வாசலைத் தாண்டித்தான் போவேன்."

"அட, மொகத்தை மூடிட்டு உக்காந்திருப்பாரே, அந்த மஃப்ளர்காரரா!" அரங்கசாமி கூவினார்.

"கையை நீட்டுங்க" என்றார் ஜன்னத்.

விலங்கு மாட்டியே பழகிய கை நீண்டது. ஊசி குத்தியது.

சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு!

அரங்கசாமி சிரிக்கவில்லை. ஜன்னத் கொடுத்த மாத்திரையை வாங்கினார். ரங்கம்மாளைப் பார்த்தபடியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"முழுங்கிட்டேன் ரங்கு."

"நாக்கைத் தூக்குங்க" என்றாள் அவள்.

தூக்கினார்!

மறுநாள் முதல் அரங்கசாமியும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்தே நடந்தார்கள். பேக்கரி வாசலில் ஒருவரை ஒருவர் அரெஸ்ட் செய்துகொண்டு, குளம் வரைக்கும் போனார்கள். போன ஞாபகம் கொஞ்சம் போனதுதான். ஆனால் தீபாவளிக்கு முன்பு ஒரு பம்ப்பைப் பிரித்து, நாலு தடவை தப்பாக மாட்டி, ஐந்தாவது தடவை சரியாக மாட்டினார் அரங்கசாமி. ரங்கம்மாள் பக்கத்தில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுத்தாள்.

அது சரி, உங்கள் காபித் தம்ளர் எங்கே? காலியா! கதை கேட்டுக்கொண்டே குடித்துவிட்டீர்களா!

போகட்டும். நன்றாக இருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் எண்பது வயதிலும் எல்லாருடைய பெயரும் ஞாபகம் இருக்கட்டும்... சர்க்கரை டப்பா வைத்த இடம் மட்டும் மறந்துபோகட்டும்!