அம்மாவின் வாடை

கதவைத் திறந்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை அன்று வரவில்லை. கூடத்துக் கடைசியில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் பொம்மை, இன்னொரு கை பாதி தூக்கியபடி, கண் மட்டும் இமைக்கவே இல்லை.

"என்னடி குட்டி, அம்மாவைத் தெரியலையா?"

குட்டியின் முழங்கை மயிர் குத்திட்டு நின்றது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. பழகிய காட்சிதான், தினமும் பார்க்கிறாள். ஆனால் எலிகளிடம்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எலி வேலை. அக்கம்பக்கத்தில் எலிக்காரி என்றுதான் பேர், மூஞ்சிக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். மூளைத் தண்டில் கடுகைவிடச் சின்னதாய் ஓர் இடம் இருக்கிறது. ஆபத்து என்றால் அங்கிருந்துதான் நார்எபிநெஃப்ரின் என்கிற சுரப்பு மூளை முழுக்கப் பாயும், காது விடைக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அளவோடு சுரந்தால் உயிரைக் காக்கிற சரக்கு. அளவு மீறினால் வெறும் சுவரைப் பார்த்தே வெடவெடக்க வைக்கும். அப்படி மீற வைக்கிற ஊசியை வயிற்றில் போட்டு, எலி எப்படிப் பயப்படுகிறது என்று பார்ப்பதுதான் இவள் பிழைப்பு.

பயந்த எலி ஒரு வாடை விடும். அது பட்டால் ஊசி போடாத எலியும் உறைந்துவிடும். அதனால் அந்த அறைக்குள் போனவர்கள் தலைக்குக் குளிக்காமல் வெளியே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. நேரமாகிவிட்டதே என்று மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மனுஷருக்கு என்ன தெரியப்போகிறது என்ற அலட்சியம், வேறென்ன.

"இவ்வளவு நேரம் ஆடிட்டுத்தான் இருந்தா," என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார். "நீ முதல்ல போய்க் குளி. என்னமோ நாறுது உன் மேல."

குளித்தாள். சோப்பு கரையக் கரைய, தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். புளித்த மூத்திரமும் ஈர மரத்தூளும், அதற்கு அடியில் திரிந்த பால் மாதிரி ஒரு கெட்ட இனிப்பும் கலந்த அந்த நாற்றம் ஆவியோடு சேர்ந்து மேலே மேலே வந்து தொண்டையில் ஒட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். குட்டி இனிமேல் கிட்டவே வராமல் போய்விட்டால்? நினைத்ததும் நெஞ்சு தடதடத்தது. அக்குள் நனைந்தது. நாற்றம் இரட்டிப்பானது.

முகர்ந்து பார்த்தாள். சீ. எலியுடையது இல்லை இது. அவள் வேர்வை.

எவ்வளவு பயந்தாளோ அவ்வளவு சுரந்தது. துடைக்கத் துடைக்கப் பிசுபிசுத்தது. அதைப் பார்த்து இன்னும் பயந்தாள்.

வெளியே வந்தபோது சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் சோபாவுக்குப் பின்னால் இருந்தார். குட்டியை ஒட்டி. தோளைக் குறுக்கிக்கொண்டு. கையில் கரண்டி. அவரும் இமைக்கவில்லை.

"ஏங்க?"

"கிட்ட வராத." உதடு மட்டும் அசைந்தது.

"நான்தாங்க. குளிச்சிட்டேன்."

குட்டியின் காலடியில் ஈரம் பரவியது. மஞ்சளாக. கிட்டே போன அவள் பாதம்வரை வந்து தொட்டது. வெதுவெதுப்பு. அருவருப்பில் விரல்கள் சுருங்கின.

அணைக்கத்தான் போனாள். சத்தியமாக அணைக்கத்தான்.

கை கேட்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குட்டியின் பிடரியைத் தேடிப் போயின. தோலை மடித்துப் பற்றின. இறுக்கின. எலியைத் தூக்குகிற பிடி.

குட்டி கத்தவில்லை. பாதங்கள் தரையை விட்டு எழுந்தன. உடம்பு துவண்டு தொங்கியது. வாயோரம் வழிந்த எச்சில் அவள் மணிக்கட்டில் இறங்கியது. விட முடியவில்லை.

"விடு," என்றார் வீட்டுக்காரர். நகரவில்லை.

அவளுடைய இன்னொரு கை, ஒன்றுமே இல்லாத அந்தக் கை, ஊசியைப் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கிக்கொண்டு, நிதானமாக, குட்டியின் வயிற்றை நோக்கி வந்துகொண்டிருந்தது.