குண்டூசி எடுத்த சட்டை

"யாரு இதைப் பிரிச்சது?"

மூத்த மருமகள் திரும்பிப் பார்ப்பதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. சமையலறை வாசலில் சின்ன மருமகள் நின்றிருந்தாள். கையில் நீலக் காகிதம் சுற்றிய பெட்டி. கண்ணில் கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"கடையிலேயே கட்டி வாங்கிட்டு வந்தேன்க்கா. காகிதம் அதேதான், முடிச்சு மட்டும் வேற. சந்தேகப்பட்டு உள்ளே பாத்தா, சட்டையில ஒரு குண்டூசி இல்ல! காலர் அட்டை இல்ல! யாரோ போட்டுப் பாத்துட்டு மடிச்சு வச்ச மாதிரி இருக்கு. மாமாவுக்குன்னு ஆசையா வாங்கினது..."

"நான் எதுக்கும்மா..."

"இந்த முடிச்சு இந்த வீட்டுல வேற யாருக்குத் தெரியும்? உங்க வீட்டுக்காரருக்கு அளவு சரியா இருக்கான்னு பாத்தீங்களா? கேட்டிருந்தா அவருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்திருப்பேனே!"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு மூத்தவன் ஓடி வந்தான். "நான் எப்போ போட்டுப் பாத்தேன்? என் தொப்பைக்கு அது பாதி வழி கூட வராது!"

யாரும் சிரிக்கவில்லை. அவன் மனைவியைப் பார்த்தான். "நீ பிரிச்சியா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல."

அவள் அவர்களைத் தாண்டிக் கூடத்தைப் பார்த்தாள். மாமனார் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை வழக்கம்போலச் சாயம்போன ஜிப்பாவின் பக்கப் பைக்குள் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று இமையால் சொல்லிவிட்டு அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தாம்மா பிரிச்சேன். தப்புதான். மன்னிச்சுக்கோ."

"ஏன்க்கா?"

மூத்தவள் அடுப்பின் பக்கம் திரும்பினாள். பால் பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.

சின்னவள் அன்றே அந்தச் சட்டையைக் கடையில் கொடுத்து, புதிதாக வேறொன்று மாற்றி வந்தாள். பெட்டியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டினாள். "இப்போ யாரு பிரிக்கிறாங்கன்னு பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே, கூடத்து மேஜையில் குவிந்திருந்த மற்ற பெட்டிகளின் உச்சியில் அதை வைத்தாள்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு அந்த வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் வாங்குவார்கள். மேஜை நிறைந்து தரையிலும் பெட்டிகள் இறங்கிவிடும். மூத்தவள் நகரத்துப் பெரிய துணிக்கடையில் பரிசு கட்டும் மேஜையில் வேலை செய்தாள். அந்த மாதம் அவளுக்கு நிமிர நேரமிருக்காது. வருகிறவர்கள் கூடை கூடையாகக் கொட்டுவார்கள்.

"யாருக்குங்க?" என்று கேட்பாள். காகிதத்தை அதற்கேற்றாற்போல் எடுக்கத்தான்.

"யாருக்காவது ஆகும். நீங்க கட்டுங்க" என்பார்கள்.

விடுமுறை முடிந்ததும் அதே ஆட்கள் வரிசையில் நின்று திருப்பிக் கொடுப்பார்கள். சில பெட்டிகளில் அவள் போட்ட முடிச்சு அவிழ்க்கப்படாமலே இருக்கும்.

மாமனாருக்கு வரும் பெட்டி மட்டும் 'யாருக்கு' என்பது அவளுக்குத் தெரியும்.

அவர் பேருந்து ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் இன்றைக்கும் 'டிரைவர்'தான். பக்கவாதம் லேசாகத் தட்டிவிட்டுப் போனது, குணமாகிவிட்டது என்று வீடு நம்பியது. நடந்தார், பேசினார், கேலி செய்தார். போன வருஷம் விடுமுறைக் காலையில் சின்ன மகன் கொடுத்த சட்டையைப் பிரித்தபோது, மடிப்புக்குள் இருந்த குண்டூசி அவர் வலது விரலில் ஏறியது. அவருக்குத் தெரியவில்லை. விரலில் உயிர் இருந்தது, உணர்வு இல்லை. ஆளுக்கொரு பெட்டியில் மும்முரமாக இருந்தார்கள். கைப்பட்டையில் பரவிய ரத்தத்தை அவள் ஒருத்திதான் பார்த்தாள். துண்டைப் போட்டு மூடி, அவரை உள்ளே அழைத்துப் போனாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா" என்று அவர் கெஞ்சினார். "கை போச்சுன்னு தெரிஞ்சா மூலையில உக்கார வச்சுருவாங்க. ஸ்டியரிங் பிடிச்ச கைம்மா இது..."

சத்தியம் செய்து கொடுத்தாள். சூடு தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்வாரோ என்று அன்று முதல் அவருடைய காப்பியை அவளே ஆற்றிக் கொடுத்தாள். இந்த வருஷம் அவர் பேர் போட்டு வந்த பெட்டிகளை எல்லாம் வீட்டில் யாரும் இல்லாதபோது பிரித்து, ஊசி, அட்டை, பிளாஸ்டிக் கவ்வி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, டேப் இல்லாமல் காகிதத்தை மடக்கிச் செருகி, ஒரே இழுப்பில் வருகிற முடிச்சாகப் போட்டாள். இடது கை ஒன்றே போதும்.

விடுமுறைக் காலை வந்தது. சின்னவள் மூத்தவளோடு பேசி நான்கு நாளாகியிருந்தது.

டிரைவர் முதல் மூன்று பெட்டிகளைச் சட்டுச் சட்டென்று இழுத்துப் பிரித்தார். "பாத்தீங்களா, நம்ம வேகத்தை!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு சின்னவளின் பெட்டி அவர் மடிக்கு வந்தது.

டேப்பின் நுனியைத் தேடினார். கிடைக்கவில்லை. பெட்டியை முழங்கால்களுக்கிடையில் வைத்து அழுத்தி நகத்தால் கீறினார். பல்லால் கடித்தார்.

"என்னப்பா, ஆக்சிலேட்டரே மிதிக்க மாட்டேங்கறீங்க?" என்று சின்ன மகன் சிரித்தான்.

"வண்டி சூடாகட்டும்டா."

மூத்தவள் எழப் போனாள். "இருங்கக்கா. அவரே பிரிக்கட்டும்" என்று சின்னவள் தடுத்தாள்.

ஒருவழியாகக் காகிதம் கிழிந்தது. வெள்ளைச் சட்டை. அவர் இரண்டு கைகளாலும் அதை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு சிரித்தார். "ரொம்ப நல்லாயிருக்கும்மா!"

காலரில் ஒரு சிவப்புப் புள்ளி. அது விரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"மாமா... ரத்தம்!" என்று சின்னவள் கத்தினாள்.

"யாருக்கும்மா?" அவர் பதறிப்போய் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

மூத்தவள் போய் அவர் முன் மண்டியிட்டு, கட்டை விரலில் தைத்திருந்த ஊசியை உருவினாள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் புரிந்தது.

"போன வருஷமும் இப்படித்தான்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "இவ கண்ணுல மட்டும்தான் பட்டுச்சு. சொல்லாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு ஏச்சு வாங்கினாளே... நான் பேசாம உக்காந்திருந்தேன். ஏம்மா, இந்தக் கிழவனுக்காக..."

சின்ன மகன் எழுந்து அப்பாவின் அலமாரியைத் திறந்தான். வருஷா வருஷம் வாங்கிக் கொடுத்த சட்டைகள், பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல். எல்லாம் பொத்தான் வைத்தவை. அப்பா எப்போதும் போடுவது கழுத்து வழியாக மாட்டுகிற அந்தச் சாயம்போன ஜிப்பாவைத்தான். எத்தனை கொடுத்தாலும் பழசையே கட்டிக்கொண்டு அழுகிறார் என்று எல்லோரும் கேலி பேசியிருந்தார்கள்.

"விலையைப் பாத்தேன், நிறத்தைப் பாத்தேன்... உங்க கையைப் பாக்கலையே மாமா!" சின்னவள் மூத்தவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "உங்களைப் போய்... என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே அக்கா!"

"சீ, பைத்தியம். உன் சட்டையைப் பிரிச்சதும் உண்மைதானே" என்று அவள் முதுகைத் தடவினாள் மூத்தவள்.

மூத்தவன் மனைவியின் அருகே வந்து நின்றான். சிதறிக் கிடந்த காகிதங்களைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினான். அந்த வீட்டில் அவன் அதைச் செய்து யாரும் பார்த்ததில்லை.

அன்று முதல் டிரைவர் கையைப் பைக்குள் ஒளிக்கவில்லை. யாரும் அவரை மூலையில் உட்கார வைக்கவும் இல்லை. காப்பி ஆற்றுவதற்குத்தான் வீட்டில் போட்டி.

அடுத்த விடுமுறைக்கு அவர் இல்லை.

அந்த வருஷம் கூடத்து மேஜையில் எதுவும் குவியவில்லை. அலமாரியிலிருந்த சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மூத்தவள் கீழே இறக்கினாள். சின்னவள் வந்து எதிரே உட்கார்ந்து, ஓர் உறையைப் பிரித்து, காலரின் ஊசியை மெல்ல உருவினாள்.

"கொடுக்கப்போறதுதானேம்மா. அப்படியே இருந்தா புதுசுன்னு தெரியும்."

"எடுத்துருவோம்க்கா" என்றாள் சின்னவள், அடுத்த ஊசியைத் தேடியபடி. "எந்தக் கைக்குப் போகுதோ..."