பிளக்காமல் உப்பிட்ட இதயம்

சாம்பலில் ஒரு சொட்டு விழுந்திருந்தது.

புகைக்குடிலின் தாழ்ந்த வாசலில் குனிந்து நின்றபடியே ரிஸ்தன் அதைப் பார்த்தாள். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கனன்றுகொண்டிருந்த பிர்ச் கட்டைகளுக்குச் சற்றுத் தள்ளி, சட்டைப் பித்தான் அகலத்துக்குக் கறுத்த ஈரம். அண்ணாந்து பார்த்தாள். குறுக்குக் கழிகளில் கலைமான் விலாக்கள் தொங்கின, நாக்குகள் தொங்கின, எல்லாம் மரப்பட்டை போல உலர்ந்து ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. நடுவில், சணல் கயிற்றில், இந்த வருட வேட்டையில் கிடைத்த மூஸ் மானின் இதயம். அதன் நுனியில் இன்னொரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

உப்பிட்ட இறைச்சி சொட்டாது. சொட்டவேண்டியதெல்லாம் உப்புத் தொட்டியிலேயே சொட்டி முடிந்திருக்கும். உப்பு செய்கிற வேலையே அதுதான். இறைச்சிக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிட்டு, அந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு புகை வந்து மேற்புறத்தை ஒரு தோல் போல மூடும். அதற்குப் பிறகு நாளாக நாளாக எடை குறையவேண்டும், நிறம் கறுக்கவேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தராசு வேண்டியதில்லை, கட்டைவிரல் போதும். அழுத்தினால் பள்ளம் விழுந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. விழாவிட்டால் வசந்தம் வரைக்கும் தாங்கும்.

கையுறையைக் கழற்றி அழுத்தினாள். விரல் உள்ளே போனது. எடுத்ததும் அந்தப் பள்ளம், நிதானமாக, தானே மேலெழுந்து சமமானது.

வெதுவெதுப்பாக இருந்தது. நெருப்பின் சூடு என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் தொங்கிய நாக்கைத் தொட்டாள். அது சில்லென்று இருந்தது. அதற்கு மேல் யோசிக்க அவளிடம் தெம்பு இல்லை. விடியற்காலையிலிருந்து பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா தேய்த்த கைகள். ஒரு ஜூனிப்பர்க் கிளையைத் தணலில் செருகிவிட்டு வெளியே வந்தாள். நண்பகல்தான். ஆனால் ஃபின்லாந்தின் வடகோடியில் டிசம்பர் நண்பகல் என்பது நீலம் பூத்த இருட்டு. பனியில் அவள் காலடி நெரிபடும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் ஹெய்க்கா படுத்திருந்தான். அவள் கணவன். இலையுதிர் காலத்தில் வயிற்றில் அறுவை நடந்தது. ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது. இன்னொரு அறுவை பாக்கி இருக்கிறது. புது வருடப் பரிசோதனைக்குள் ரத்தம் ஊறாவிட்டால் உடம்பு அதைத் தாங்காது என்று நர்ஸ் நேராகவே சொல்லிவிட்டாள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் வாந்தி எடுத்தான். அதனால்தான் இதயம். ஈரலிலும் இரும்பு உண்டு, ஆனால் வயதான மூஸ் மானின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் அது வாழ்நாளெல்லாம் மேய்ந்த கெட்ட உலோகமும் சேர்ந்து கிடக்கும். இதயம் அப்படியில்லை. அது வெறும் தசை. ஒரு கணமும் ஓயாமல் உழைத்த தசை, அதனால்தான் அவ்வளவு சிவப்பு, அவ்வளவு சத்து.

முழுதாகப் பதமாகும்வரை காத்திருக்க நேரமில்லாததால் அதன் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய சீவல்களாக அவள் தினமும் சீவி எடுத்துவந்தாள். பச்சைத் தண்ணீரில் போட்டு உப்பை இறக்கினாள். கொதிக்கவிட்டால் செருப்புத்தோல் ஆகிவிடும் என்பதால், பானையின் விளிம்பில் சின்னக் குமிழ்கள் மட்டும் வரும் சூட்டில் வேகவைத்தாள். கூடவே காட்டில் பறித்து வைத்த லிங்கன்பெர்ரி, ஒரு கரண்டி. அந்தப் புளிப்பு இரும்பை ரத்தத்துக்குள் கைப்பிடித்துக் கூட்டிப்போகும். காப்பி அதை வாசலிலேயே மறித்துவிடும்.

"காப்பி," என்றான் ஹெய்க்கா.

"இப்பக் கெடையாது. மொதல்ல இது வயித்துல எறங்கட்டும்."

"ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு."

"ஜெயில்ல இவ்வளவு ருசியா யாரும் போடமாட்டாங்க. பேசாம தின்னு."

சிரித்தான். சிரித்ததில் கீழுதடு வெடித்தது. ரத்தம் வரவில்லை. வெடிப்புக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவள் விரலால் துடைத்து, சமையல்காரியின் பழக்கத்தில், நாக்கில் வைத்துவிட்டாள்.

உப்பு.

வேர்வையாக இருக்கும், என்று நினைத்தாள். காய்ச்சல் வேர்வை. பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாள் ஹெய்க்காவின் தம்பி யோவ்னா பனிவண்டியில் விறகு கொண்டுவந்து இறக்கினான். அந்த மூஸ் மானைச் சுட்டவன் அவன்தான்.

"அண்ணி, வெறகு உங்களுக்கு, காப்பி எனக்கு. கணக்கு நேர்!"

அந்தப் பக்கத்து வழக்கப்படி காப்பிக் கோப்பையில் உலர்ந்த இறைச்சித் துண்டுகளைப் போட்டு, அவை ஊறும்வரை ஊதி ஊதிக் குடித்தான். சாம்பலில் விழும் சொட்டைப் பற்றி அவள் சொன்னாள்.

"நீங்க பிளந்தப்போ எங்கயாவது ரத்தக்கட்டி தங்கியிருக்கும்."

"நான் எங்கடா பிளந்தேன்? காட்டுலயே நீ பிளந்திருப்பேன்னு நெனச்சேன்."

யோவ்னா கோப்பையைக் கீழே வைத்தான்.

சுட்டவனே செய்யவேண்டிய வேலை அது. மிருகம் விழுந்த இடத்திலேயே இதயத்தை எடுத்து, நுனியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு வெட்டி, உள்ளறைகளின் ரத்தத்தைப் பனியிலேயே விட்டுவிட வேண்டும். மூடிய இதயம் காட்டைத் தாண்டி வரக்கூடாது. உள்ளே உப்புப் போகாது, நடுவிலிருந்து அழுகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ஹெய்க்காதான் சுடுவான், அவனே பிளப்பான். இந்த வருடம் அவன் ஆஸ்பத்திரியில். பனிக்காற்று கிளம்பிவிட்ட அவசரத்தில் யோவ்னா அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்தான். அவள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய களைப்பில், கண் சொருகச் சொருக அப்படியே உப்பில் புதைத்தாள்.

"இப்பவே எறக்கி வெட்டிடுங்க அண்ணி."

"நாளைக்கு. இன்னிக்குக் கையத் தூக்க முடியல."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் பேச்சை இலேசாக்கப் பார்த்தான். "அது ஒண்ணுமில்ல. செத்துப்போன சேதி அதுக்கு இன்னும் போய்ச் சேரல, அவ்வளவுதான்."

உள்ளறையிலிருந்து ஹெய்க்காவின் குரல் கேட்டது. "யாரு செத்தது?"

யோவ்னா காப்பியை முடிக்காமலே கிளம்பினான்.

மறுநாளும் அவள் வெட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் விருந்து. திரும்பி வரும்போது குடிலின் கூரைத் துளையில் புகை இல்லை, நெருப்பு செத்துக் கிடந்தது. மறுபடி மூட்டிவிடலாம் என்று நினைத்தபடி முதலில் வீட்டுக்குள் போனாள். ஹெய்க்கா பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் நெருப்ப அணைச்ச?"

"எரியுது பாரு." இரும்பு அடுப்பு சிவந்து கிடந்தது. அறைக்குள் மேல்சட்டை போட முடியாத அளவு சூடு.

"இது இல்ல," என்றான். குடில் இருந்த பக்கத்துச் சுவரையே பார்த்தான்.

போர்வையை மாற்றுவதற்காக அவனைப் புரட்டினாள். ஒரு கை போதுமாக இருந்தது. நேற்று இரண்டு கை வேண்டியிருந்தது. அவன் படுத்த இடத்தில், விரிப்பின் மடிப்புகளில், பொடிப்பொடியாக வெள்ளை. பல வாரங்களாக வாசலைத் தாண்டாதவனின் தலைமுடியில் ஜூனிப்பர்ப் புகை மணம். தோல் புகையேறிய மரம் போலப் பளபளத்தது. தோள்பட்டையைச் சுற்றி ஒரு தடம். சணல் கயிறு அழுத்தினால் விழுகிற தடம்.

களைப்புக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் மனம் சமாதானம் சொல்வதை நிறுத்திவிடும். ரிஸ்தன் சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போனாள்.

குளிர்ந்துபோன புகையின் நெடி. கழிகள் முனகின. விளக்கை உயர்த்தினாள். இத்தனை நாள் சீவி எடுத்த இடத்தைத் தேடினாள். இல்லை. வெட்டுத் தடமே இல்லை. வழுவழுப்பாக, முழுதாக, தொட்டியில் போட்ட அன்றைவிடப் பெரிதாகத் தொங்கியது. அதன் மேல் படிந்திருந்த கறுப்பு உதிர்ந்து, உள்ளிருந்து பச்சை இறைச்சியின் சிவப்பு தெரிந்தது.

கத்தி முனையை அதன் நுனியில் வைத்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு அலறல்.

எடுத்தாள். நின்றது. பனியின் மௌனம். அவள் மூச்சு மட்டும்.

மறுபடி. மெல்ல. ஊசி தொடுவது போல.

அலறல்.

கத்தி சாம்பலில் விழுந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை.

இதிலிருந்து உப்பு இறங்கினால் அவனிடமிருந்தும் இறங்கும். உள்ளே போன உப்பை வெளியே எடுக்க ஒரே வழிதான் உண்டு, அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தண்ணீர். உப்பு அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தானாகவே நகரும். பொறுமையாகத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் கல்லாக இறுகியதும் இளகும். கயிற்றை அவிழ்த்தாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். கனத்தது. சமையலறையில் பேசின் நிறையப் பச்சைத் தண்ணீர் வைத்து, மெதுவாக, அதை உள்ளே இறக்கினாள்.

உள்ளறையில் தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம்.

ஓடினாள். ஹெய்க்காவின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர் வழிந்தது, தெளிந்த தண்ணீர், கண்கள் மேலே சொருகியிருந்தன. திரும்பி ஓடினாள். பேசினைக் கவிழ்த்தாள். தரையில் உருண்டது அது. உருண்டு நின்ற இடத்தில் ஒருமுறை சுருங்கியது. விரிந்தது. தரையில் தேங்கிய நீர் அதற்கேற்ப நடுங்கியது.

சுருங்கியது.

விரிந்தது.

"ரிஸ்தன்."

அவன் குரல் உலர்ந்த இலை போல இருந்தது. அவள் கட்டிலருகே போய் மண்டியிட்டாள்.

"அங்க நல்லா இருந்துச்சு. சூடா இருந்துச்சு. வலியே இல்ல." அவன் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. விரல்கள் விறகுச் சுள்ளிகள். "பாதியில எறக்கிட்டியே."

"ஹெய்க்கா, நான் ஆம்புலன்ஸக் கூப்பிடறேன்."

"வந்து என்ன செய்வாங்க? உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியாததல்ல. போர்வைக்கு அடியிலிருந்து மெல்லிய, இனிப்பான ஒரு வாடை கிளம்பத் தொடங்கியிருந்தது. சமையல்காரிகள் எல்லோருக்கும் தெரிந்த வாடை. உப்பிட்டுவிட்டுப் பாதியில் நிறுத்திய எதுவும் பச்சையாகவும் திரும்பாது, பதமாகவும் நிற்காது. அது கெட்டுப்போகும். சீக்கிரம் கெட்டுப்போகும். புது வருடம் வரைக்கும்கூடத் தாங்காது. உப்பிட்டதைப் புகையில் போட்டுத்தான் ஆகவேண்டும், அதைத் தவிர வேறு முறை இல்லை.

சுவரில் மாட்டியிருந்த போனைப் பார்த்தாள். அது இருந்த தூரம் பெரிதாகத் தெரிந்தது. குடில் பக்கத்தில்தான்.

அவனைத் தூக்கினாள். வைக்கோல் கட்டு போல இருந்தான். தலை அவள் தோளில் சாய்ந்தது, உரசியபோது சரசரத்தது. நீல இருட்டில் பனியைக் கடந்தாள். அவனை உள்ளே இருத்திவிட்டுத் திரும்பிப் போய் மற்றதையும் எடுத்துவந்தாள். அது அவள் உள்ளங்கைகளில் துடித்துக்கொண்டே வந்தது.

நெருப்பை மூட்டினாள். கீழே பிர்ச் கட்டை, மேலே ஈரமான ஜூனிப்பர். சுடர் எழாமல், புகை மட்டும் எழும்படி. அவள் கைகள் பழகிய வேலையைத் தாமாகவே செய்தன. சணல் கயிறு. முடிச்சு. தோளில் இருந்த தடத்திலேயே கயிறு சரியாக உட்கார்ந்தது. ஹெய்க்கா கண்ணை மூடிக்கொண்டான். நடுக்கம் நின்றது. முகம் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது.

அவனுக்குப் பக்கத்தில், அதே கழியில், அந்த இதயம். நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு சாம்பலில் விழுந்தது.

தூரத்தில் பனிவண்டியின் உறுமல் கேட்டது. யோவ்னாவாக இருக்கும். ரிஸ்தன் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, புகைக்கு நடுவே கையை நீட்டி, தன் கணவனின் மார்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

லேசாக ஒரு பள்ளம் விழுந்தது.

இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. இன்னொரு கிளையை எடுத்துத் தணலில் வைத்தாள்.