பனிவண்டிக்குப் பொட்டு

திங்கட்கிழமை என்றாலே லக்சிகாவுக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காது. பரீட்சை ஒன்றும் இல்லை. வகுப்பு தொடங்கியதும் ரீச்சர் ஒவ்வொருவராகக் கேட்பார், "சனி ஞாயிறு என்ன செய்தாய்?" அவ்வளவுதான்.

ஒருத்தி பனியில் சறுக்கப் போயிருப்பாள். ஒருவன் பிறந்தநாள் விருந்துக்குப் போயிருப்பான். முன் மேசை மக்டலீன் எங்கேயாவது போய் எதையாவது உடைத்துவிட்டு வந்திருப்பாள். தன் முறை வந்ததும் லக்சிகா எழுந்து, "ரீவி பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். மக்டலீன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

அவள் சொன்னது பொய்யும் இல்லை. ரொறன்ரோவில் அவளுக்கு இது இரண்டாவது மாரிகாலம், பனி கொட்டும் காலம். அப்பா ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மாவுக்கு ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற வேலை. சனி ஞாயிறென்றால் இரண்டு பேருக்கும் கூடுதல் வேலை வரும். வீட்டில் சித்தப்பா ஜனார்த்தன் இருப்பார்தான். ஆனால் இரவு வேலை முடித்து வந்து குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

"சித்தப்பா படுக்கிறார், சத்தம் போடாதை" என்பது அம்மாவின் கட்டளை. அதனால் ரீவியையும் சத்தமில்லாமல்தான் பார்க்கவேண்டும். குளிர்ப்பெட்டி உறுமினால், "என்ன, பசிக்குதோ?" என்று லக்சிகா மெதுவாகக் கேட்பாள். அது பதில் சொன்னால்தானே!

அந்தச் சனிக்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. சித்தப்பா படுக்கவில்லை.

"வெளிக்கிடு பிள்ளை! யூனியன்வில்லுக்குப் போறம். ஸ்னோமோபிலை இண்டைக்குப் பூட்டி முடிச்சிடுவம். முதல் ஓட்டம் உனக்குத்தான்."

லக்சிகா இரண்டு நிமிடத்தில் சப்பாத்தோடு வாசலில் நின்றாள்.

ஸ்னோமோபில் என்பது பனியில் ஓடும் வண்டி. அதற்குச் சில்லுகள், அதாவது சக்கரங்கள், கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள் இருக்கும். பின்னால் அகலமான ரப்பர் பட்டி ஒன்று சுற்றிச் சுற்றி ஓடி வண்டியைத் தள்ளும். சித்தப்பாவும் அவருடைய கூட்டாளி ஸிராஜும் சேர்ந்து பழைய வண்டி ஒன்று வாங்கியிருந்தார்கள். இருவர் ஏறினால் அதன் பின்பக்கம் பொத்தென்று இறங்கிவிடும். அதனால் வேறொரு வண்டியின் பெலமான ஸ்பிரிங்கை இதற்குப் பூட்டுகிறார்கள்.

யூனியன்வில்லில் ஸிராஜின் வீட்டு முற்றத்தில், பனியின்மேல் வண்டி ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. ஸிராஜ் பட்டிக்கு உள்ளே கையை விட்டு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"கவனம் ஜனா. இந்தப் பட்டி இப்ப எங்கயும் வாங்கேலாது. கிழிஞ்சா வண்டி இரும்புக் கடைக்குத்தான்."

"கிழியாது நானா. நாங்கள் என்ன சின்னப் பிள்ளையளே?" ஸிராஜை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் சித்தப்பா கூப்பிடுவார்.

சின்னப் பிள்ளை அங்கே ஒருத்திதான். அவள் கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொல்வதற்கு ஆயிரம் கதை இருந்தது. ஆனால் இரண்டு பேரும் நட்டோடும் போல்டோடும் பேசினார்களே தவிர, அவளோடு பேசவில்லை. வீட்டில் தனியாக இருப்பதைவிட, பக்கத்தில் ஆட்கள் இருக்கத் தனியாக இருப்பது இன்னும் மோசமாக இருந்தது.

கடைசியில் சித்தப்பாவுக்கு அவளுடைய நினைவு வந்தது. "பிள்ளை, அம்மாவின்ரை குங்குமம் கொண்டந்தனியெல்லே? பொட்டு வை."

"எங்க வைக்கிறது?"

"புதுசா இருக்கிறதுக்கெல்லாம் வை!"

நம் ஆட்கள் புது வாகனம் வாங்கினால் பொட்டு வைக்காமல் எடுப்பார்களா? ஆனால் இந்த வண்டியில் எது புதுசு? லக்சிகா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் பழசு, துருப்பிடித்தது. பட்டிக்கு உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த இரண்டு போல்டுகள் மட்டும் பளபளத்தன. குங்குமத்தைப் பனியில் குழைத்து, அவற்றின் நீண்ட முனைகளில் அப்பினாள். சொன்ன வேலையைச் சரியாகச் செய்யவேண்டுமே!

பிறகு வண்டியை நிமிர்த்தினார்கள். இருவரும் ஏறிக் குந்தி, துள்ளித் துள்ளிப் பார்த்தார்கள்.

"ஆகா! இனி ஆனை ஏறினாலும் தாங்கும்!" என்றார் சித்தப்பா. "பிள்ளை, தேசிக்காயை வை." புது வாகனத்தின் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதும் வழக்கம்.

"சில்லு இல்லாத வண்டிக்கு எங்க வைப்பீங்க?" என்று ஸிராஜ் சிரித்தார். "என்ர பங்குக்கு நான் பிஸ்மில்லாஹ் சொல்லிட்டன்."

"பட்டிக்குக் கீழ வை!"

லக்சிகா பனியில் முழங்காலிட்டுக் குனிந்தாள். கொண்டுவந்த தேசிக்காயைத் தள்ளும்போது மேலே பார்த்தாள். பட்டியின் மேல்சுற்றில், உள்பக்கத்தில், இரண்டு சிவப்புப் புள்ளிகள்!

'அங்கே நான் வைக்கவில்லையே!'

சட்டென்று விளங்கியது. இருவரும் ஏறித் துள்ளியபோது ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது. போல்ட் முனைகள் மேலே போய்ப் பட்டியைத் தொட்டிருக்கின்றன. நின்ற வண்டியில் பொட்டுத்தான் பட்டது. ஓடும் வண்டியில் அந்த முனைகள் பட்டியைக் கிழித்துவிடும்.

சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி கழற்றுவார்கள். பொழுது பட்டுவிடும். ஓட்டம் போச்சு. திங்கட்கிழமை மறுபடியும் "ரீவி பார்த்தேன்"தான். ஆனால் பட்டி கிழிந்தால் சித்தப்பாவின் வண்டியே போய்விடும். பாவம் சித்தப்பா.

"சித்தப்பா, வண்டியை எடுக்காதேங்கோ!"

சித்தப்பா தலைக்கவசம் மாட்டியிருந்தார். ஸிராஜ் ஏதோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லக்சிகாவின் குரல் வீட்டில் பழகிய அதே சின்னக் குரல்.

வண்டியைக் கிளப்பத் திறப்பை, அதுதான் சாவியை, நோக்கிச் சித்தப்பாவின் கை போனது. அதற்குள் லக்சிகா எட்டித் திறப்பைப் பிடுங்கித் தன் ஜக்கெற் பொக்கெற்றில் போட்டுக்கொண்டாள்.

"ஏய்! என்ன சேட்டை இது?"

"பட்டி கிழியப்போகுது!" அவள் கத்தினாள். தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியம். "கீழ பாருங்கோ! பொட்டு பட்டியில இருக்கு!"

இரண்டு பெரிய ஆண்களும் பனியில் குப்புறப் படுத்தார்கள்.

"யா அல்லாஹ்!" என்றார் ஸிராஜ். "ஆள் ஏறாமப் பாத்துட்டு இடைவெளி இருக்கெண்டு நினைச்சம் ஜனா!"

மறுபடி வண்டியைச் சரித்தார்கள். ஸிராஜ் போல்டுகளைத் தலைகீழாகப் பூட்டினார். இப்போது உருண்டைத் தலைதான் பட்டியின் பக்கம் இருந்தது. மற்றப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டி எடுத்தார்.

"இப்ப சரியோ?" என்று சித்தப்பா லக்சிகாவைக் கேட்டார். ஸிராஜை அல்ல.

"பொட்டு வைச்சுப் பாப்பம்" என்றாள் அவள்.

பட்டியைத் துடைத்து, போல்ட் தலைகளுக்குப் பொட்டு வைத்து, வண்டியை நிமிர்த்தினார்கள். மூன்று பேருமாக ஏறித் துள்ளினார்கள். லக்சிகா இறங்கிக் குனிந்து பார்த்தாள். பட்டி சுத்தமாக இருந்தது.

திறப்பைக் கொடுத்தாள்.

வானம் மங்கிக்கொண்டு வந்தது. தேசிக்காய் நசுங்கியது. பின்னால் இருந்த வெற்று வயலில் வண்டி சீறிக்கொண்டு பாய, சித்தப்பாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்தபடி லக்சிகா கூவினாள். இன்னும் பலமாகக் கூவினாள். சத்தம் போடாதை என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சித்தப்பாவும் சேர்ந்து கூவினார்.

திங்கட்கிழமை வந்தது. அவளுடைய முறையும் வந்தது. லக்சிகா எழுந்து நின்றாள்.

"நான் ஒரு ஸ்னோமோபிலுக்குப் பொட்டு வைத்தேன்" என்றாள்.

முன் மேசை மக்டலீன் டக்கென்று திரும்பினாள். "பொட்டா? ஏன்?"

லக்சிகா ரீச்சரைப் பார்த்தாள். "மிஸ், இது கொஞ்சம் நீளமான கதை. பரவாயில்லையா?"