சுமனுக்கு எழுதாத இலக்கம்

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், ஓமந்தையை நெருங்கும்போது, சுமன் அம்புலன்சுக்குள் செத்துப்போனான். பட்டப்பகல். வயது இருபத்து மூன்று. பொழுது சாய முன்னரே அவனுடைய சிநேகிதன் கோகுலனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நஞ்சு கொடுத்தானாம்.

சிவனேஸ்வரிக்கு இதில் ஒரு அலுவலும் இல்லை. ஆனால் அலுவல் இல்லாத இடத்தில் தலையை நீட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது என்பது அவள் குடியிருக்கிற ஒழுங்கை முழுக்கத் தெரிந்த சங்கதி. அதற்கேற்ற உத்தியோகம்தான் வாய்த்திருந்தது. ஊர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறை அவளுடையது. சுகமாகி வீட்டுக்குப் போனவர், போகாமலே போனவர் எல்லாருடைய ரிக்கற்றும், கட்டிலடிக் குறிப்புத் தாள்கள், கடைசியில் அவளுடைய மேசைக்கு வரும். டொக்டர் எழுதிய வருத்தத்தின் பெயரை உலகம் முழுக்க விளங்குகிற ஓர் இலக்கமாக அவள் மாற்றுவாள். ஐஸ் போதைக்கு எஃப் பதினைந்து. கோப்பியும் அதே பிரிவுதான். "அப்பிடிப் பார்த்தா இந்த ஆஸ்பத்திரியில முக்கால்வாசி எஃப் பதினைஞ்சு" என்று, கையில் கோப்பியோடு தானே சொல்லித் தானே சிரிப்பாள்.

செத்தவீட்டுக்கு முதல் ஆளாகப் போனாள். அழவும்தான், பார்க்கவும்தான்.

சுமனின் தாய் ஜெகதீஸ்வரி பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். "கோகுலன்தான் சோடாவுக்குள்ள என்னவோ கலந்து குடுத்தவன். என்ர பிள்ளை ஐசும் பாவிக்கேல்லை, ஒண்டும் பாவிக்கேல்லை. ஆஸ்பத்திரியில சோதிச்சுப் பார்த்தும் ஒண்டுமில்லை எண்டுதானே வந்தது."

யாரோ தேத்தண்ணி நீட்டினார்கள். ஜெகதீஸ்வரி ஒரு வாய் வைத்துவிட்டு, "சீனி" என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி எடுக்கக் குசினிக்கு ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. பதிவேட்டு அறையின் யன்னலில் கௌசலா வந்து நின்றாள். கோகுலனின் மனைவி, நிறைமாதம்.

"அக்கா, சுமன்ர ரிக்கற்றில என்ன எழுதிக் கிடக்கு?"

"அதைச் சொன்னா என்ர வேலை போயிடும். நான் கேக்கிறன், நீ சொல்லு. அவனை ஆர் கொண்டுவந்தது?"

"இவர்தான், ஓட்டோவில. நாள்கணக்கா நித்திரை இல்லாமல் எங்கட கடைக்கு வந்தவன். மேல் நெருப்பாக் கொதிச்சது. ஒரு சோடாவைக் குடுத்துப்போட்டு ஏத்திக்கொண்டு வந்தவர்."

"ஐஸ் எண்டு டொக்டரிட்டச் சொன்னவரோ?"

"ஓம். அதுக்குள்ள தாய்க்காரி வந்து இவரை வாட்டுக்கு வெளியால கலைச்சுப்போட்டா. பிறகு சோதனையில ஒண்டுமில்லை எண்டு வந்திட்டுது. இப்ப பொய் சொன்னவரும் இவர்தான், நஞ்சு வைச்சவரும் இவர்தான்."

"உடற்கூற்றுச் சாம்பிள் கொழும்புக்குப் போயிருக்கு. அறிக்கை வரும்தானே."

"வர மாசக்கணக்காகுமாம். அதுவரைக்கும் இவருக்கு மறியல் வீடுதான். எனக்கு இந்தக் கிழமை, இல்லாட்டி வாற கிழமை."

அவள் போன பிறகு சிவனேஸ்வரி ரிக்கற்றை விரித்தாள். டொக்டர் குகதாசன் முதலில் 'ஐஸ் பாவனை' என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். கேள்விக்குறிக்கு இலக்கம் போட முடியாது. சோதனையில் போதை இல்லை என்று வந்ததும் அதை வெட்டிவிட்டு, மூளைக் காய்ச்சல் என்று எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார். தாதியின் குறிப்பு: நோயாளி அடித்துப் பிடுங்கியதால் கையிரண்டும் கட்டிலோடு கட்டப்பட்டன. விரலில் குத்திப் பார்த்த இரத்தத்தில் சீனி சாதாரண அளவு. சல அறிக்கை: சிறுநீரில் போதை இல்லை. அதே தாளின் கீழ் வரியில், சீனி மிக அதிகம்.

கோப்பியை வைத்துவிட்டு மறுபடி வாசித்தாள். பிறகு டொக்டரிடம் போனாள்.

"லாப்பில போத்தல் மாறியிருக்கும்" என்றார் குகதாசன்.

"கேட்டுப்போட்டுத்தான் வாறன் டொக்டர். அந்த நேரம் வந்தது அது ஒண்டுதானாம்."

அவர் தாளை வாங்கி அந்த இரண்டு வரியையும் விரல் வைத்து வாசித்தார்.

"ஐஸ் எண்டு தெரிஞ்சிருந்தா?" என்று சிவனேஸ்வரி கேட்டாள்.

"மேலைக் குளிரப்பண்ணி, மருந்தால அமர்த்தி, இஞ்சயே வைச்சுப் பாத்திருப்பன். ரோட்டில விட்டிருக்க மாட்டன்." கண்ணாடியைக் கழற்றினார். "பிழைச்சிருப்பானோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ. தெரியாது."

பின்னேரம் ஜெகதீஸ்வரி வீட்டுக் குசினியில் எட்டுச் செலவுக்கான ஆயத்தம் நடந்தது. செத்தவனுக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தனியே.

"அக்கா, ஆஸ்பத்திரியில சலக் கோப்பையைக் கூட நிக்கிற ஆளிட்டக் குடுக்கிறதுதான் வழமை. நேர்ஸ் மிஸிமாருக்கு நேரம் எங்க. சுமனைக் கட்டி வைச்சிருந்தது, எழும்பேலாது. கோப்பையை வாங்கிக்கொண்டு போனது நீங்கள்."

துருவல் நிற்கவில்லை.

"அதில சீனி கிடந்தது. அவன்ர இரத்தத்தில இல்லை. அந்தக் கட்டிலடியில நிண்டவையில சீனி வருத்தம் உங்களுக்குத்தான். அது சுமன்ர சலம் இல்லை அக்கா. உங்கட."

துருவல் நின்றது.

"அவன்ரயக் குடுத்திருந்தா என்ன எழுதியிருப்பாய்?"

"அவன்ர பேருக்கு நேரே இலக்கம்."

"அதுதான்." கையைச் சீலையில் துடைத்தாள். "சண்டை முடிய, இயக்கத்தில இருந்தவை பேர் பதிஞ்சா விட்டிடுவம் எண்டு ஆமிக்காரர் சொன்னவை. அதுவும் ஓமந்தையிலதான். மூத்தவனை நான்தான் கையில பிடிச்சுக் கொண்டுபோய்ப் பதிஞ்சனான். இவனுக்கு அப்ப எட்டு வயது, என்ர இடுப்பில தொங்கிக்கொண்டு நிக்கிறான். கொப்பியில பேரை எழுதி, பஸ்ஸில ஏத்தினவை. இண்டைக்கும் வரேல்லை. இவனையும் ஒரு கொப்பியில எழுதக் குடுப்பனோ?"

"கோகுலன் என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை. ஐஸ் இல்லை எண்டு வந்த பிறகு, ஆரையாவது சொல்லத்தானே வேணும். சொல்லிப்போட்டன். பிறகு ஊர் சொல்லிச்சுது." நிமிர்ந்து பார்த்தாள். "சிவனேஸ்வரி, மாத்தாமல் குடுத்திருந்தா அவன் இருந்திருப்பானோ?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவள் சிவனேஸ்வரி. கேட்காததற்கும் வைத்திருப்பாள்.

"டொக்டருக்கும் தெரியாதாம் அக்கா" என்றாள். அது உண்மை. ஆறுதல் இல்லை.

ஜெகதீஸ்வரி அடுப்பை அணைத்தாள். வேறு சீலை உடுத்துக்கொண்டு வந்தாள். "வா. கோகுலனை விடச் சொல்லுவம்."

பொலிசில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சார்ஜன்ட் முறைப்பாட்டுப் புத்தகத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"மகன்ர முழுப் பேரைச் சொல்லுங்கோ அம்மா."

ஜெகதீஸ்வரி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"எந்த மகன்ர?"