ஊதிக் கொடுத்தவள்

ஹாரன் அலறியது!

காலை எட்டு மணி. தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது.

காருக்குள், ஸ்டியரிங் முன்னால் அவள். வாயருகே ஒரு குழாய். குழாயோடு சேர்ந்த பெட்டியில் சிவப்பு விளக்கு...

குடித்துவிட்டு ஓட்டி இரண்டு தடவை கைதான புருஷனின் காரில் கோர்ட் மாட்டச் சொன்ன பெட்டி அது. ஊத வேண்டும். மூச்சு சுத்தமாக இருந்தால்தான் இன்ஜின் கிளம்பும். இல்லாவிட்டால் ஹாரன் கத்தும், போலீசுக்குத் தகவல் பறக்கும்.

அந்த மகராசனோ பல் விளக்குமுன் பாட்டில் திறப்பவன்! நாற்பது நாளாக ஊதியது அவள்தான். மறுத்தால் முதுகில் பெல்ட்!

இன்று அதே பாட்டிலில் நாலு மடக்கு விழுங்கிவிட்டு வந்து ஊதினாள்.

மூன்றாம் தடவை மாட்டினால் அவனுக்கு ஒரு வருஷம் ஜெயில். அவளுக்கு ஒரு வருஷம் அடியில்லாத தூக்கம். பாவம், அவள் கேட்டது அவ்வளவுதான்.

"அடியேய்... குடிச்சியா?" கார் பக்கத்தில் தள்ளாடிய புருஷன் ஜன்னலில் குனிந்து முகர்ந்தான்.

"ஆமா! உங்க கார், உங்க பெட்டி. ஜீப் வரட்டும், பதில் சொல்லுங்க!"

இறங்கக் கதவைத் தள்ளினாள்.

திறக்கவில்லை!

வெளியே அவன் முழு உடம்பையும் சாய்த்து நின்றான். மறுபக்கக் கதவைத் திறக்கவிடாமல் ஒட்டினாற்போல் காம்பவுண்டுச் சுவர்.

"விடுங்க... நான் இறங்கணும்!"

"உக்காரு கண்ணு. என்ன அவசரம்?"

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் குதித்தார்.

"சார், இவர்தான்! முட்டக் குடிச்சிருக்காரு!"

"வாசனையே சொல்லுது. ஆனா அவர் ரோட்ல நிக்கறாரும்மா. குடிக்கிறது குத்தமில்ல, குடிச்சிட்டு ஸ்டியரிங் பிடிக்கறதுதான் குத்தம். நீங்க ஊதுங்க."

ஊதினாள். இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"சாவியும் போட்டிருக்கு. இறங்குங்க."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு தடவை மாட்டியவனுக்குச் சட்டம் அத்துப்படி!

"ஐயோ! அடிச்சு ஊத வெச்சான் சார்!"

"வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் சார்..." கண்ணைத் துடைத்துக்கொண்டான், படுபாவி.

"எல்லாத்தையும் கோர்ட்ல சொல்லுங்க. முதல்ல மனநல டாக்டர் பார்ப்பார். குடிச்சு மாட்டறவங்க முக்காவாசிப் பேருக்கு மனசுலதான் கோளாறு."

அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் ஜன்னலருகே வந்து கிசுகிசுத்தான்.

"பயப்படாதே. டாக்டர் தங்கமானவர். 'யாரால குடிக்க ஆரம்பிச்சீங்க?'ன்னு கேப்பார். ரெண்டு தடவையும் நான் உன் பேரைத்தான் சொன்னேன்... நீ தாராளமா என் பேரைச் சொல்லிக்கோ!"